காலையில் மட்டும் கெட்டிக்கார யந்திரம்

நீங்கள் மூவரும் சேர்ந்து தயாரித்த வேக ஒப்பீட்டைப் பார்த்தேன். நான்கு புரொசெசர், மூன்று கொம்பைலர், வண்ண வண்ணமாய் வரைபடத் தூண்கள். கண்ணுக்கு நல்ல குளிர்ச்சி. ஓய்வு பெற்றவளிடமும் கருத்துக் கேட்டது உங்கள் பெருந்தன்மை. அவள் ஒரு வரியில் பதில் அனுப்புவாள் என்று நினைத்தது உங்கள் இளமை. என்னிடம் இருப்பது ஒரேயொரு கேள்வி. அந்த நேரத்தை யார் அளந்தது? "யந்திரமே அளந்தது" என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து மார்தட்டிச் சொன்னோம். அந்தக் கூத்தைக் கேட்டுவிட்டு உங்கள் தூண்களை மறுபடி நிமிர்த்துங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சிக்குத் தெற்கே, குளக்கட்டுக்குக் கீழே இருந்தது எங்கள் நீர்ப்பாசனத் திட்டத்தின் கந்தோர், அதாவது அலுவலகம். குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. அதற்காக வெளிநாட்டு உதவியில் ஒரு கணினி வந்திருந்தது. அரை அலுமாரி உயரம், எருமை போல உறுமல். மின்சாரம் திட்டத்தின் சொந்த ஜெனரேட்டரிலிருந்து வந்தது. அதே ஜெனரேட்டரைத்தான் கந்தோரும், விடுதிகளும், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அரிசி மில்லும் பங்குபோட்டுக்கொண்டன.

பிரிவில் மூன்று பேர். தலைவி ஒரு பொறியியலாளர். எல்லோருக்கும் அவர் "மிஸ்". இன்றைக்கும் அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல செய்தி வந்தால் கதிரையை விட்டு எழுந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்காருவார். அடுத்தவன் முத்துவேல். அவனுடைய குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டி, எங்களுக்கு அடுத்த வாய்க்காலில் வயல் செய்தது. புரோகிராம் எழுதுவதில் சூரன். செஸ் விளையாடுவதில் அதைவிடச் சூரன். தோற்றால் மட்டும் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது ஆள் தவமணி, அதாவது நான். ஊர் பூநகரி. ஒரு நாளைக்கு வரும் பஸ்களை ஒரு கை விரலில் எண்ணிவிட்டு மீதி விரலால் தலையைச் சொறியலாம், அப்படிப்பட்ட ஊர். நான் வேலைக்குப் போக அப்பா சம்மதித்தபோது ஒரு எல்லை போட்டார். "கிளிநொச்சி மட்டும் ஓம். அதுக்கு அங்காலை இல்லை." கிழமை நாட்களில் கிளிநொச்சியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். வெள்ளி பின்னேர பஸ்ஸில் ஊருக்குப் போவேன், திங்கள் விடிய வருவேன். எனக்கு அந்த வாழ்க்கை மிகவும் பிடித்திருந்தது. என் மேசை, என் மின்விசிறி, நான் தட்டினால் பதில் சொல்லும் ஒரு யந்திரம். வேறு என்ன வேண்டும்?

அந்த யந்திரத்தில் முத்துவேல் ஒரு செஸ் புரோகிராம் எழுதியிருந்தான். ஒரு நிலையைக் கொடுத்தால் இத்தனை நகர்வு ஆழத்துக்கு யோசித்து, ஒரு நகர்வையும், எத்தனை நிலைகளைப் பார்த்தது என்ற எண்ணையும், எடுத்த நேரத்தையும் அச்சடிக்கும். வேலை நேரத்தில் செஸ்ஸா என்று மிஸ் ஒரு நாளும் கேட்டதில்லை. மிஸ்ஸை அது இரண்டு தரம் தோற்கடித்திருந்ததால் அதன்மேல் அவருக்கு ஒரு மரியாதையும் இருந்தது.

இப்படி நாங்கள் சந்தோஷமாய் இருந்த ஒரு நாளில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து பணிப்பாளர் தொலைபேசியில் பேசினார். மேசையில் வைக்கக்கூடிய சின்னக் கணினி ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறதாம், உங்கள் அலுமாரியைவிட வேகமாம். அது உண்மையானால் அதை வாங்கிக் கொழும்பில் வைத்து, தண்ணீர்க் கணக்கையும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், பிரிவையும் அங்கேயே எடுத்துவிடலாம் என்றார். பழையதுதான் வேகம் என்றால் வாங்கவும் தேவையில்லை, இடம் மாறவும் தேவையில்லை. மிஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சேர், ரெண்டையும் பக்கத்திலை வைச்சு ஓட விடுவம். நீங்கள் வந்து பாருங்கோ" என்று சவால் விட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.

வைத்த பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது. மிஸ்ஸுக்குக் கொழும்பில் அக்கா வீடு இருந்தது. முத்துவேல் எங்கேயும் போவான். பிரிவு கொழும்புக்குப் போனால் நான் பூநகரிக்குப் போவேன், அங்கேயே நிற்பேன். 

எதை ஓட விடுவது என்ற கேள்விக்கு முத்துவேலின் செஸ்தான் விடை. தண்ணீர்க் கணக்கு எங்கள் டிஸ்க்குகளோடு பின்னிப் பிணைந்து கிடந்தது, அதைப் பெயர்த்து இன்னொரு யந்திரத்தில் நடுவது ஒரு கிழமையில் ஆகிற காரியமல்ல. செஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெறும் பலகையும் முப்பத்திரண்டு காய்களும்தான். இரண்டு யந்திரமும் ஒரே நகர்வைச் சொல்லி, ஒரே எண்ணிக்கை நிலைகளைப் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன என்று சத்தியம் பண்ணலாம்.

திங்கட்கிழமை புது யந்திரம் வந்தது. கூடவே அதை விற்கும் கம்பனியின் இளைஞன் ஒருவனும் வந்தான். வன்னி வெயிலில் கழுத்துக்கு டை கட்டிக்கொண்டு வந்ததால் அவனுக்கு வந்த அன்றே டைத்தம்பி என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல பிள்ளை. தன் யந்திரத்தைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மேசையில் வைத்தான். முத்துவேல் புரோகிராமை அதன் கொம்பைலரில் ஏற்றி, அந்த யந்திரத்தின் மொழிக்கு மாற்றி ஓட விட்டான். நாங்கள் தேநீர் ஊற்றி முடியவில்லை, விடை வந்துவிட்டது. எங்கள் யந்திரம் இருபது நிமிடத்துக்கு மேல் யோசிக்கும் நிலை அது.

டைத்தம்பியின் முகம் பூத்தது. என்னுடையது கறுத்தது. முத்துவேல் மட்டும் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மிஸ், இதோட காயெல்லாம் பின்னால வரவே மாட்டேங்குதுங்க. போனா போனதுதான்" என்றான்.

விசயம் இதுதான். எங்கள் கொம்பைலர் சின்ன எண்களுக்குக் கழித்தல் குறியை அனுமதித்தது. புதுக் கொம்பைலர் அதே எண்களைக் குறியில்லாமல் படித்தது. முன்னால் போவது கூட்டல், பின்னால் வருவது கழித்தல் என்று முத்துவேல் எழுதியிருந்ததால், புது யந்திரத்தில் குதிரையும் யானையும் ராணியும் பின்வாங்குதல் என்ற சொல்லையே அறியாத வீரர்களாகிவிட்டன. பார்க்க வேண்டிய நிலைகளில் முக்கால்வாசியைப் பார்க்காமல் விட்டால் யாரும் வேகமாகத்தான் முடிப்பார்கள். முத்துவேல் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே நாங்கள் தோற்றிருப்போம். சொல்லித் திருத்தியதால் வேலை சரிசமமானது, புது யந்திரத்தின் நேரமும் ஏறியது. விடையைப் பார்க்காமல் வேகத்தைப் பார்க்காதே என்ற பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. எங்களுக்கு அது போதவில்லை.

திருத்திய பிறகு புதியது இருபது நிமிடம் எடுத்தது. பின்னேரம் எங்கள் அலுமாரியை ஓட விட்டோம். ஒரு நிமிடம் பிந்தியது. ஒரேயொரு நிமிடம்! பல்லுக்குள் புகுந்த இறைச்சித் துண்டு மாதிரி அந்த ஒரு நிமிடம் எங்களை நிம்மதியாய் இருக்க விடவில்லை. முத்துவேல் எங்கள் கொம்பைலரின் கையேட்டைக் கரைத்துக் குடித்து, கொம்பைலரில் ஒரு தெரிவை மாற்றி, மறுநாள் காலை புரோகிராமைப் புதிதாய்க் கட்டி ஓட விட்டான்.

ஒரு நிமிடம் முந்தியது.

மிஸ் கதிரையைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார். முத்துவேல் கையேட்டை முத்தமிட்டான். கந்தோரில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தோம், டைத்தம்பிக்கும் கொடுத்தோம். பாவம், வாங்கித் தின்றான். "எங்கட மெஷின் எப்பவும் ஒரே நேரந்தான் எடுக்குது. உங்கடது எப்படி மிஸ் மாறுது?" என்று மட்டும் கேட்டான். "கொம்பைலர், தம்பி, கொம்பைலர்" என்று மிஸ் அவன் தோளில் தட்டினார். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குள் முழுக் கதையும் இருந்தது. கற்கண்டு தின்னும் வாய்க்குக் காது வேலை செய்யாது.

பின்னேரம் அதே புரோகிராம், அதே தெரிவு. ஒரு நிமிடம் பிந்தியது.

அடுத்த நாள் காலை முந்தியது. பின்னேரம் பிந்தியது. கொம்பைலர் என்ற கோட்பாடு செத்துப்போனது, ஏனென்றால் கொம்பைலரில் யாரும் கை வைக்கவில்லை. உடனே நான் வெப்பக் கோட்பாட்டைக் கொண்டுவந்தேன். காலையில் குளிர்ச்சி, யந்திரம் உசாராய் இருக்கிறது. உச்சி வெயிலுக்குப் பிறகு அதற்கும் எங்களைப் போல நித்திரை வருகிறது. கேட்க எவ்வளவு அழகு! அந்த நாட்களில் எங்கள் மூவருக்கும் விசர் பிடிக்காத குறைதான். முத்துவேல் யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் வீசினான். மிஸ் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். உடைத்தது காலையில், ஆகவே யந்திரம் வேகமாக ஓடியது, ஆகவே பிள்ளையாருக்கும் அந்தப் புகழில் ஒரு பங்கு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோணிச் சாக்குகளைத் தண்ணீரில் தோய்த்து யன்னல்களில் எல்லாம் தொங்கவிட்டோம். அறைக்குள் ஈரச் சாக்கின் நாற்றம் தாங்க முடியவில்லை. ஆனாலும் பின்னேரம் ஓட விட்டபோது எங்கள் யந்திரம் ஒரு நிமிடம் முந்தியது. பின்னேரத்தில்! கோட்பாடு நிரூபணமாகிவிட்டது. மிஸ் சுற்றுகளை எண்ணாமல் சுற்றினார். பிறகு கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், பழைய மெஷின்தான் வேகம். குளிர்ச்சியாய் வைச்சிருந்தால் புதுசு கிட்டவும் வராது. திங்கக்கிழமை வந்து உங்கடை கண்ணாலை பாருங்கோ."

நான் பையைத் தூக்கிக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பூநகரி பஸ்ஸுக்கு இன்னும் தாராளமாய் நேரம் இருந்தது. பாட்டு முணுமுணுத்தபடி சந்திக்கு நடந்தேன். அங்கே ஒருவரும் இல்லை. தேநீர்க் கடைக்காரர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

"பஸ் போட்டுது, பிள்ளை. கால் மணித்தியாலமாச்சு."

"எப்பிடிப் போகும்? கந்தோர் மணிக்கூட்டிலை இன்னும் நேரம் இருந்ததே."

"மில் ஓடுறது உங்களுக்குக் காதிலை விழேல்லையோ?" என்றார் அவர்.

இங்கே ஒரு விசயத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கந்தோரில் இருந்தது மின்சார மணிக்கூடு. அறுவடைக் காலத்தில் மில் ஓடினால் அது பிந்தும். இது கந்தோருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். மத்தியான வானொலிச் செய்திக்கு முன்னால் மணி அடிக்கும்போது எங்களில் யாராவது ஒருவர் கதிரையில் ஏறி முள்ளைத் திருத்திவிடுவார். வழக்கமாய் மில் காலையில் குத்தும், பின்னேரம் ஓயும். அதனால் பின்னேரத்தில் மணிக்கூடு ஒழுங்காய் ஓடும், நானும் பஸ்ஸைப் பிடிப்பேன். அந்த வெள்ளிக்கிழமை நெல் மூட்டைகள் வண்டி வண்டியாய் வந்து குவிந்திருந்ததால் பின்னேரமும் மில் ஓடிக்கொண்டிருந்தது. மில் சத்தம் அறுவடை மாதம் முழுவதும் எங்கள் காதுக்குள் இருப்பதால், அது ஓடுவதும் தெரியாது, ஓய்வதும் தெரியாது.

மணிக்கூட்டையும் மில்லையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு சந்தியில் நின்றேன். காலையில் மில் ஓடும், மணிக்கூடு பிந்தும். பின்னேரம் மில் ஓயும், மணிக்கூடு நேராகும். இன்றைக்குப் பின்னேரமும் ஓடியது. எங்கள் யந்திரமும் காலையில் வேகம். பின்னேரம் மந்தம். இன்றைக்குப் பின்னேரமும் வேகம்.

கையில் இருந்த பை தானாய்க் கீழே விழுந்தது. கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன். சேலையோடு நான் அப்படி ஓடியது அதுதான் முதலும் கடைசியும்.

மிஸ்ஸும் முத்துவேலும் சாக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். "பஸ் போட்டுது மிஸ். சாக்கும் இல்லை, பிள்ளையாரும் இல்லை, மில்" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். பேசிப் பயனில்லை என்று கண்டு, இரண்டு யந்திரங்களிலும் இப்போதைய நேரத்தை ஒன்றாய்த் தட்டிவிட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. மூவரும் கதிரையைப் போட்டு அமர்ந்து தேநீர் குடித்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் மில் கடகடவென்று குத்திக்கொண்டிருந்தது. தேநீர் முடிந்தபோது எங்கள் அலுமாரியின் நேரம் புதியதைவிடப் பிந்திவிட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே இன்னும் பிந்தியது.

இரண்டு யந்திரமும் வெவ்வேறு விதமாய் நேரம் எண்ணின. புதியது தனக்குள் இருந்த குவார்ட்ஸ் பளிங்குத் துண்டின் துடிப்பை எண்ணியது. யார் மில் ஓட்டினாலும் அதற்கு அக்கறையில்லை. எங்களுடையது கம்பியில் வரும் மின்சாரத்தின் துடிப்பை எண்ணியது, ஐம்பது துடிப்பு வந்தால் ஒரு விநாடி என்று. மில் ஓடும்போது ஜெனரேட்டர் களைத்து மெதுவாய்ச் சுற்றும், துடிப்பு குறையும், எங்கள் யந்திரத்தின் விநாடி நீண்டுவிடும். அது செஸ்ஸை ஒருபோதும் வேகமாய் விளையாடவில்லை. நிமிடங்களைக் குறைவாய் எண்ணியது, அவ்வளவுதான். சுவரில் தொங்கியதும் அலுமாரிக்குள் இருந்ததும் ஒரே குணமுள்ள மணிக்கூடு. ஒன்றை நாங்கள் தினமும் கதிரையில் ஏறித் திருத்தினோம். மற்றதற்குக் கற்கண்டு கொடுத்தோம்.

மிஸ் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்துவிட்டு, கொழும்புக்கு எடுத்த தொலைபேசி நினைவுக்கு வந்ததும் தலையில் கை வைத்தார். முத்துவேல் சிரிக்கவேயில்லை.

"நாம ஏன் சொல்லணும் மிஸ்?" என்றான். "திங்கக்கெழம காலையில மில்லு ஓடும். நம்ம மெஷின் ஜெயிக்கும். பொய்யின்னு நாம ஒண்ணும் எழுதப்போறதில்ல, மெஷினே அச்சடிச்சுக் குடுக்கப்போகுது. தவமணியும் இங்கேயே இருக்கலாம்."

அவன் அதை எனக்காகத்தான் சொன்னான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவன்மேல் பாசம் வருகிறது.

"திங்கள் வெல்லுவம்" என்றார் மிஸ். "செவ்வாய்க்கிழமை மில் நிண்டால்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும், தவமணி. ஊருக்குப் போகப் போறது நீர்தான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெல்ல ஆசையாய் இருந்தது. பூநகரியில் எங்கள் வீட்டு வாசலும், அதில் சும்மா அமர்ந்திருக்கும் நானும் கண்ணுக்குள் வந்து போனோம். ஆனால் மில் குத்தக் குத்தச் செஸ் விளையாடும் யந்திரம் என்று நினைக்கும்போதெல்லாம் வயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. பணிப்பாளருக்கு முன்னால் திங்கட்கிழமை முழுக்க அதை எப்படி அடக்குவது?

"சொல்லுவம் மிஸ்" என்றேன். "சொல்லாட்டில் என்னாலை சிரிப்பை அடக்கேலாது."

சத்தியமாய் அதுதான் காரணம். என்னை அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் நேர்மை பல நேரம் நல்ல குணத்திலிருந்து வருவதில்லை. கண்டுபிடித்ததை யாருக்காவது சொல்லாமல் இருக்க முடியாத அரிப்பிலிருந்து வருகிறது. உங்களுக்கும் அந்த அரிப்பு இருந்தால் அதை மருந்து போட்டு மாற்றிவிட வேண்டாம்.

திங்கட்கிழமை பணிப்பாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். பேச்சில் சிக்கனமான மனிதர். மில் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் ஒன்றும் விளக்காமல் இரண்டு யந்திரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாய் ஓட விட்டார். எங்களுடையது ஒரு நிமிடம் முந்தியதாய் அச்சடித்தது. பணிப்பாளர் தலையசைத்தார். டைத்தம்பி டையைத் தளர்த்தினான். அப்போது முத்துவேல் வாசலுக்குப் போய்ச் சிவப்புத் துவாய் ஒன்றை வீசிக் காட்டினான். முன்கூட்டியே பேசி வைத்திருந்ததுதான். மில் முகாமையாளர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார், யார் வென்றது என்று தனக்குச் சொல்லவேண்டும். மில் நின்றது. கந்தோர் முழுவதும் திடீரென்று ஒரு அமைதி. மில்லில் வேலை செய்தவர்கள் தவிடு படிந்த முகங்களோடு வேலியில் வரிசையாய் வந்து நின்று பார்த்தார்கள்.

மறுபடி அதே நிலை, அதே ஆழம். ஒரே நகர்வு, ஒரே எண்ணிக்கை. இந்த முறை எங்களுடையது ஒரு நிமிடம் பிந்தியது.

"என்ன இது?" என்றார் பணிப்பாளர்.

மிஸ் என்னைக் கையால் முன்னுக்குத் தள்ளினார். நான் சுவர் மணிக்கூட்டைக் காட்டி, பஸ் போனதையும், மின்சாரத் துடிப்பையும், சாக்கையும் சொன்னேன். பிள்ளையாரை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன், வாய் அதையும் சொல்லிவிட்டது. இடையில் இரண்டு தரம் சிரிப்பு வந்து நிறுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அப்ப உண்மையிலை எது வேகம்?"

என் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "புதுசு, சேர்" என்றேன். "ஒரு நிமிசம்."  சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"அப்ப எங்கட மெஷின் வெண்டதுதானே சேர்?" என்றான் டைத்தம்பி மெதுவாக.

பணிப்பாளர் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, மற்றத் திட்டங்களிலை இருக்கிற பழைய மெஷின்களோடையும் ஓட விட்டுப் பாத்ததெண்டு எனக்குக் கணக்கு அனுப்பினியள். அதிலை நேரத்தை ஆர் அளந்தது?"

"மெஷினே..." என்று தொடங்கியவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"அங்கையும் ஜெனரேட்டர்தான். சில இடத்திலை மில்லும் இருக்கு" என்றார் பணிப்பாளர். அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. "கொழும்பிலை வைச்சுப் பாத்தால் எல்லா மெஷினும் நல்ல பிள்ளையள். இஞ்சை வந்தால்தான் ஆரார் எப்பிடியெண்டு தெரியுது. உங்கடை மெஷின் வெண்டது தம்பி. அது இஞ்சையே நிக்கட்டும். இனி நாங்கள் வாங்கப் போற ஒவ்வொண்டும் முதல்லை இந்த மில்லுக்குப் பக்கத்திலை வந்து செஸ் விளையாடிக் காட்டட்டும்." பிறகு மிஸ்ஸிடம், "பிரிவும் இஞ்சையே இருக்கட்டும். இந்தப் பிள்ளை பஸ்ஸைத் தவறவிடாமல் மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

மிஸ் பணிப்பாளருக்கு முன்னாலேயே கதிரையைச் சுற்றினார். முத்துவேல் வாசலுக்கு ஓடி, "நம்ம மெஷின் தோத்துப்போச்சு, நாம ஜெயிச்சுட்டோம்" என்று வேலிக்குக் கேட்கக் கத்தினான். மில் முகாமையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கையைத் தட்டிவிட்டு மில்லைப் போட்டார். எங்கள் சுவர் மணிக்கூடு வழக்கம்போலப் பிந்தத் தொடங்கியது.

பிறகு அங்கே வந்து விளையாடிய யந்திரங்களின் கதைகள் கிடக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமை பூநகரி பஸ்ஸைப் பிடித்திருந்தால் திங்கட்கிழமை வென்றிருப்போம், பிறகு மில் நின்ற ஒரு நாளில் குட்டு வெளிப்பட்டு நான் பூநகரியிலேயே நின்றிருப்பேன். நான் உங்களுக்கு இதை எழுதும் ஆளாய் ஆனது, தவறவிட்ட அந்த பஸ்ஸால்தான்.

அடுத்த வெள்ளி ஒழுங்காய் ஊருக்குப் போனேன். அப்பா சைக்கிளோடு பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். போட்டியைப் பற்றி அவருக்கும் தெரியும்.

"என்ன, உன்ரை மெஷின் வெண்டதோ?"

"தோத்துப் போச்சு அப்பா."

அவர் என் கையிலிருந்த சின்னப் பையைப் பார்த்தார். "அப்ப மற்றச் சாமானெல்லாம் எங்கை?"

"கிளிநொச்சியிலைதான். திங்கக்கிழமை போகோணும். இன்னும் ரெண்டு மெஷின் வருகுது."

அவர் சைக்கிளைத் திருப்பினார். வீடு வரும் மட்டும் பின்னால் இருந்தபடி முழுக் கதையையும் சொன்னேன். சாக்கு யன்னலில் ஏறிய இடத்தில் அவருடைய முதுகு குலுங்கியது. தேங்காய் உடைத்த இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டார், ஓட்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படுக்கப் போகும் முன்னம் அவரிடம் சொன்னேன். "விடிய பஸ் ஆறு மணிக்கு அப்பா. எழுப்பி விடுங்கோ."

"ஆற்றை மணிக்கூட்டிலை ஆறு?" என்று கேட்டார் அப்பா.

உங்கள் வண்ணத் தூண்களைப் பார்த்து நானும் அதைத்தான் கேட்கிறேன், யாருடைய மணிக்கூட்டில், பிள்ளைகளே?